கீழ்த்தளச் சுவர் ஓவியம்: கேள்வி பதில்

(கேட்பவர் பெயருக்குப் பதில் அவர் வசிக்கும் சிங்கப்பூர் வட்டாரம்.)

ஈசூன்: எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரத்தில் ஒரு சுவர். குடியிருப்பாளர்களே சேர்ந்து வரைய ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: புளோக்கின் பொது இடங்களைப் பராமரிக்கும் நகர மன்றத்தில். அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை பென்சில் கோடுகூட வேண்டாம். 1966ஆம் ஆண்டு நாசவேலைச் சட்டம் நல்லெண்ணத்தைப் பார்க்காது. எழுத்துமூல அனுமதி இருக்கிறதா என்றுதான் பார்க்கும்.

அடுத்தது சுவர். உள்ளங்கையால் தேயுங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் பழைய பெயின்ட் உயிர்விட்டது. சுரண்டி, கழுவி, நன்றாகக் காயவிட்டு, காரம் தாங்கும் சீலர் (பெயின்டுக்கு முந்தைய பூச்சு) ஒரு கோட். புதிதாகச் சிமென்ட் பூசிய இடமென்றால் 28 நாள் பொறுங்கள், இல்லாவிட்டால் உப்புப் பூத்து நிறம் உரியும். வெளிச்சுவர் அக்ரிலிக் எமல்ஷன் ஒரு லிட்டர், ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் வரும். உங்கள் சுவர் சரியாக அவ்வளவுதான். அடிவண்ணம் இரண்டு கோட்டுக்கு 2 லிட்டர். சொரசொரப்பாக இருந்தால் 3. மற்ற நிறங்களைக் கடையிலேயே எண் சொல்லிக் கலந்து வாங்குங்கள். கையால் கலந்தது பாதியில் தீர்ந்தால் அதே நிறம் திரும்பக் கிடைக்காது.

ஜூரோங்: 60 பேர் வந்தால் எப்படிச் சமாளிப்பது?

பதில்: ஒரு வேளைக்கு 8 பேர், 40 நிமிடம். ஓவியர் சுவரில் போடும் கோட்டுப் படத்தில் கட்டத்துக்கு ஓர் எண், வண்ணக் கப்பிலும் அதே எண். கீழ்ப்பகுதி பிள்ளைகளுக்கு. ஓரக் கோடுகளைக் கடைசியில் ஓவியர் திருத்துவார்.

தோ பாயோ: ஓவியர் கோடு போட, நாங்கள் எண் பார்த்து நிறம் நிரப்பினால் அது சமூகக் கலையா அண்ணே?

பதில்: அதோடு நின்றால் இல்லை. பெரிய அளவு வண்ணம் தீட்டும் புத்தகம், அவ்வளவுதான்.

ஜூரோங்: எல்லாரையும் கேட்டால் பூ, புறா, கைகோத்த நாலு பிள்ளைகள்தான் வரும்!

பதில்: “என்ன வரையலாம்?” என்று கேட்டால் அப்படித்தான் வரும். “இந்தப் புளோக்கில் முன்பு இருந்து இப்போது இல்லாதது எது?” என்று கேளுங்கள். மாமாக் கடை (புளோக்கடிச் சிறு மளிகைக் கடை) வரும், சதுரங்க மேசை வரும், எல்லாரும் சோறு வைத்த பூனை வரும். லிஃப்ட் வாசலில் மேசை போடுங்கள்: வாரநாள் மாலை ஒன்று, ஞாயிறு காலை ஒன்று. இரண்டும் வேறு வேறு கூட்டம்.

தோ பாயோ: அப்போது ஓவியர் எதற்கு?

பதில்: எதை வரைவது, யாரை வரைவது என்பது குடியிருப்பாளர் கையில். அளவு, அமைப்பு, நிறச் சேர்க்கை ஓவியர் கையில். இதை முதல் நாளே எழுதி வையுங்கள். நிறத்துக்கெல்லாம் வாக்கெடுத்தால் சாம்பலும் பழுப்பும்தான் மிஞ்சும். உயிரோடு இருப்பவர் முகமென்றால் அவர் சம்மதமும் எழுத்தில்.

தேக்கா: தமிழ் வரி ஒன்று சேர்க்கிறோம்.

பதில்: கவனம்! சில வடிவமைப்பு மென்பொருள்களில் ஒட்டினால் “கோலம்” என்பதன் கொம்பு ககரத்துக்குப் பின்னால் தாவிவிடும். எழுத்தை உருவரையாக (outline) மாற்றி, அச்சிட்டு, தமிழ் தெரிந்த இருவர் வாய்விட்டுப் படித்த பிறகே ஸ்டென்சில் வெட்டுங்கள்.

உட்லண்ட்ஸ்: ஓவியத்தின் மேலே அடித்த கிளியர் கோட் (நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) பால்போல் வெளுத்துவிட்டது.

பதில்: ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டது. வண்ணம் முடிந்து 7 நாளாவது விடுங்கள். டிசம்பர், ஜனவரி மழையில் இன்னும் கூட.

பிடோக்: சின்னப் படம்தான், அனுமதி வேண்டுமா?

பதில்: முதல் பதில்.

செங்காங்: ஒரே ஒரு தூண்தான்...

பதில்: தூணுக்கும்.

ஹவ்காங்: தேக்காவில் பழைய கடைவீட்டுச் சுவர். உரிமையாளர் சரி என்கிறார்.

பதில்: அவர் மட்டும் போதாது. தேக்கா அமைந்த லிட்டில் இந்தியா 1989இல் அறிவிக்கப்பட்ட, பழங்கட்டடங்களுக்கான பாதுகாப்புப் பகுதி. நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் கேளுங்கள். கடிதமாக.