ஃபார்மட் அடிப்பதற்கு முன்: கணினி, கைப்பேசி கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்தவை தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை, கடலோரத்து வாசகர்களின் கேள்விகள். பாதிக்கு மேல் "ஃபார்மட் அடித்துவிடலாமா?" என்றுதான் முடிகின்றன. இவற்றில் ஒன்றுக்குக்கூட அது முதல் வைத்தியம் இல்லை.

தனுஷ்கோடியில் சங்கு, பாசிமாலைக் கடை வைத்திருக்கிறேன். கடையில் உட்கார்ந்திருக்கும்போதே "இலங்கைக்கு நல்வரவு" என்று போனில் மெசேஜ் வருகிறது. சில நேரம் சிக்னலே இல்லை. காலையில் முழு சார்ஜ் போட்டாலும் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. ரீசெட் செய்தால் சரியாகுமா? (ராமேஸ்வரம் வாசகர்)

ரீசெட் வேண்டாம், உங்கள் போனில் கோளாறே இல்லை. அங்கிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். நடுவில் மலையோ கட்டடமோ கிடையாது, வெறும் தண்ணீர். ஜிஎஸ்எம் (2ஜி) கைப்பேசிக் கோபுரம் ஒன்று 35 கிலோமீட்டர் வரை பேசும்படி வடிவமைக்கப்பட்டது. நம் பக்கத்துச் சிக்னல் இளைக்கும் இடத்தில் அக்கரைக் கோபுரம் போனுக்குத் தெளிவாகக் கேட்கிறது. போனும் அதில் சேரப் பார்க்கிறது. உங்கள் சிம்மில் சர்வதேச ரோமிங் இருந்தால் சேர்ந்துவிடும், கட்டணமும் ஏறும். இல்லாவிட்டால் அந்தக் கோபுரம் மறுக்கும், போன் விடாமல் மறுபடி மறுபடி தேடும். உங்கள் சார்ஜைத் தின்பது இந்தத் தேடல்தான்.

செட்டிங்ஸில் நெட்வொர்க் அல்லது கனெக்‌ஷன்ஸ் பகுதிக்குப் போய் சிம்மைத் தேர்ந்தெடுங்கள். "நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடு" என்பதை அணையுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் தேடிவிட்டு ஒரு பட்டியல் வரும். அதில் உங்கள் நிறுவனத்தின் பெயரைத் தொடுங்கள். டேட்டா ரோமிங்கையும் அணைத்துவிடுங்கள். இரண்டு சிம் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு "சரியாகவில்லை" என்பவர்கள் நிறையப் பேர். சர்வதேச ரோமிங் உங்களுக்குத் தேவையே இல்லையென்றால், வாடிக்கையாளர் சேவையில் சொல்லி அதையும் நிறுத்திவிடுங்கள்.

வெளியூர் போகும்போது இதைப் பழையபடி மாற்ற மறக்காதீர்கள். நிறுவனம் ஒன்றே ஆனாலும் தொலைத்தொடர்பு வட்டத்துக்கு வட்டம் அதன் குறியீட்டு எண் வேறு. கையால் தேர்ந்தெடுத்த நிலையிலேயே கேரளம் போனால் "சேவை இல்லை" என்று நிற்கக்கூடும். நேர மண்டலத்தில் "கொழும்பு" என்று தெரிந்தாலும் கவலை வேண்டாம். 2006 முதல் இலங்கையின் நேரமும் நம் நேரமும் ஒன்றுதான், கடிகாரம் பிசகாது.

கடலில் போகும்போது போனில் ஜிபிஎஸ் ஆப் வைத்துப் பார்க்கிறோம். திரை அணைந்ததும் தடம் பதிவாவது நின்றுவிடுகிறது. சில நாள் இடம் பிடிக்கவே வெகுநேரம் ஆகிறது. போன் பழசாகிவிட்டதா? (பாம்பன், நாட்டுப்படகு மீனவர்)

இவை இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள்.

தடம் நிற்பதற்குக் காரணம் ஆண்ட்ராய்டின் பேட்டரிச் சிக்கனம். ஆப் ஐகானை அழுத்திப் பிடித்து "ஆப் இன்ஃபோ" போங்கள். பெர்மிஷனில் லொகேஷனை "எப்போதும் அனுமதி" என்று வையுங்கள். அதே பக்கத்தில் பேட்டரியை "கட்டுப்பாடு இல்லை" என்று மாற்றுங்கள். ஷாவ்மி, விவோ, ஓப்போ போன்களில் "ஆட்டோ ஸ்டார்ட்" என்று தனியாக ஒன்று உண்டு, அதற்கும் அனுமதி கொடுக்க வேண்டும். பேட்டரி சேவர் ஓடிக்கொண்டிருந்தால் இத்தனையும் வீண்.

இடம் பிடிக்கத் தாமதமாவதற்குக் காரணம் இணையம் இல்லாமை. செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற தகவலைக் கரையில் போன் நொடியில் இறக்கிக்கொள்ளும். நடுக்கடலில் அதைச் செயற்கைக்கோளிடமே கேட்டு வாங்க வேண்டும். ஒரு செயற்கைக்கோளின் தகவலுக்கு 30 நொடி, முழு அட்டவணைக்கு 12.5 நிமிடம். இடையில் சிக்னல் அறுந்தால் அந்தத் துண்டை மறுபடி வாங்க வேண்டும். அதனால் கரையை விடுமுன் டேட்டாவைப் போட்டு ஆப்பைத் திறந்து, இடம் காட்டிய பிறகு கிளம்புங்கள். வரைபடத்தையும் அங்கேயே ஆஃப்லைனில் இறக்கிவிடுங்கள். கோபுரம் எட்டாத தூரம் போனபின் ஏரோபிளேன் மோடு போட்டால் சார்ஜ் நீடிக்கும். ஜிபிஎஸ் வெறுமனே கேட்கும் கருவிதான், அந்த நிலையிலும் லொகேஷன் வேலை செய்யும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். படகு ஜிபிஎஸ் பெரும்பாலும் பாகை, நிமிடம் என்று காட்டும். போன் வரைபடம் பாகையைத் தசமத்தில் காட்டும். படகுக் கருவியில் 9 பாகை 16.5 நிமிடம் என்று இருப்பது போனில் 9.275. இதை அப்படியே 9.165 என்று அடித்துவிட்டால் 6.6 கடல் மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர் தெற்கே காட்டும். எல்லைக்கோடு இத்தனை பக்கத்தில் ஓடும் கடலில் இது சின்னப் பிழை இல்லை. நிமிடத்தை 60-ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டுங்கள், அல்லது ஆப்பின் செட்டிங்ஸிலேயே படகுக் கருவியின் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். போன் துணைக்குத்தான், படகுக் கருவிக்கு மாற்று ஆகாது. ஆபத்தில் கடலோரக் காவல்படையைக் கூப்பிட 1554. ஏரோபிளேன் மோடை எடுத்துவிட்டு அழையுங்கள்.

எங்கள் கணினி இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10 ஓடுகிறது. விண்டோஸ் 11 ஏறாது, புதுசு வாங்குங்கள் என்கிறார்கள். பிள்ளைகள் படிப்புக்கும் வீட்டுக் கணக்குக்கும்தான் பயன்படுத்துகிறோம். வேறு வழி உண்டா? (கீழக்கரை வாசகி)

உண்டு. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதற்காகக் கணினி நின்றுவிடாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு அடைப்பு வராது, அவ்வளவுதான். 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் பெற வழி வைத்திருக்கிறார்கள். 22எச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இருந்தால் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்யலாம். செட்டிங்ஸைக் கணக்கோடு ஒத்திசைத்தால் காசில்லாமலே கிடைக்கும். இல்லையென்றால் 1000 ரிவார்ட்ஸ் புள்ளி, அல்லது 30 டாலர்.

விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். உங்களுடையது பட்டியலில் இல்லை. ரூஃபஸ் என்ற பென் டிரைவ் எழுதும் கருவி கொண்டு அந்தச் சோதனையைத் தாண்டி ஏற்ற முடியும்தான். ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. 4 ஜிபியில் அது திணறவும் செய்யும். இந்தக் கணினிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

இதே கேள்வியை எட்டாம் தலைமுறை வைத்திருப்பவர்களும் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு டிபிஎம் (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு) இல்லை என்று வந்தால், பெரும்பாலும் அது பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் கணினியின் அடிப்படை அமைப்பு) அணைந்து கிடக்கிறது. இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடுங்கள். பயாஸைத் தொடுமுன் இரண்டு வேலை இருக்கிறது. முதலாவது, டிரைவ் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, 48 இலக்கச் சாவியை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து தாளில் எழுதி வையுங்கள். பயாஸ் மாற்றத்துக்குப் பிறகு கணினி அதைக் கேட்கலாம். சாவி இல்லையென்றால் உள்ளே இருக்கும் படங்களை யாராலும் மீட்க முடியாது. இரண்டாவது, டிஸ்க் பழைய எம்பிஆர் பகிர்வு முறையில் இருந்தால், பயாஸை யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறைக்கு மாற்றியதும் விண்டோஸ் எழும்பாது. விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியில் முதலில் "வேலிடேட்", அது தேறினால் "கன்வர்ட்", அதன்பிறகு பயாஸ் என்ற வரிசையில் போங்கள்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். செலவு செய்ய நினைத்தால் முதல் காசை ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியில் போடுங்கள், அடுத்ததை இன்னொரு 4 ஜிபி ரேமில். ஆறாம் தலைமுறையில் டிடிஆர்3எல்லும் உண்டு, டிடிஆர்4-உம் உண்டு. ரேமின் விளிம்பில் வெட்டு இருக்கும் இடம் வேறு, ஒன்றில் மற்றது பொருந்தாது. பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் வாங்குங்கள்.

அதன்பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளம், அதில் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இதற்கு 2029 வரை அப்டேட் உண்டு. 8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் மூலம் எழுதி, கணினி எழும்பும்போது எஃப்12 அல்லது எஸ்கேப் தட்டி அதிலிருந்து தொடங்குங்கள். உடனே இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலேயே ஒரு மணி நேரம் ஓட்டி வைஃபை, பிரிண்டர், ஒலி எல்லாம் சரியா என்று பாருங்கள். வைஃபை தெரியாவிட்டால் போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் போடுங்கள், அந்த இணையத்தில் டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். டாலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று விண்டோஸையே நம்பிய வேலை வீட்டில் இருந்தால் மட்டும் மின்ட் பக்கம் போகாதீர்கள்.

டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிரவுசர் புக்மார்க் நான்கையும் வெளி டிரைவில் நகலெடுத்து, அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகுதான் இன்ஸ்டால்.

அப்டேட் ஓடும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது "ஆட்டோமேட்டிக் ரிப்பேர்" என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. (தொண்டி)

ஹார்டு டிஸ்க் விளக்கு மினுக்கினால் ஒரு மணி நேரம் தொடாமல் விடுங்கள், பழைய நிலைக்குத் தானே திரும்பிக்கொண்டிருக்கலாம். விளக்கு அசையாமல் நின்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். மூன்று முறை எழும்பத் தவறினால் நீலத் திரையில் மீட்பு மெனு வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போய்க் கடைசியாக வந்த "குவாலிட்டி அப்டேட்டை" நீக்குங்கள். அதில் தேறாவிட்டால் ஸ்டார்ட்அப் ரிப்பேர். எழும்பியபின் கட்டளைத் திரையை அட்மினாகத் திறந்து முதலில் டிஸ்ம் கருவியின் "ரெஸ்டோர் ஹெல்த்", அடுத்து பழுதான விண்டோஸ் கோப்புகளை மாற்றும் எஸ்எஃப்சியின் "ஸ்கேன் நவ்". இந்த வரிசை முக்கியம். எஸ்எஃப்சி நல்ல கோப்புகளை எடுக்கும் கிடங்கைச் சரிசெய்வது டிஸ்ம்தான்.

அப்டேட் பக்கத்தில் "ஆக்டிவ் ஹவர்ஸ்" என்பதில் 18 மணி நேரம் வரை குறிக்கலாம், அந்த நேரத்தில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகாது. 600 விஏ யுபிஎஸ் ஒன்று வைத்தால் சாதாரண டெஸ்க்டாப்பை முறையாக அணைக்கும் அளவுக்கு நேரம் கிடைக்கும்.

கரண்ட் போகாமலே அடிக்கடி நீலத்திரை வந்து, அதில் "மெமரி மேனேஜ்மென்ட்" என்று இருந்தால், கடலோரத்தில் நான் விண்டோஸைச் சந்தேகிப்பதற்கு முன் ரேமைச் சந்தேகிப்பேன். உப்புக்காற்றில் ரேம் காலின் பொன்முலாம் மங்கித் தொடர்பு விட்டுவிட்டு வரும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, அந்தக் கால்களைப் பஞ்சில் தொட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் "டக்" என்று இருபுறமும் பூட்டு விழும்படி செருகுங்கள். பிறகு விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டிப் பாருங்கள். இந்த நோய்க்கு நாலு தடவை விண்டோஸ் மாற்றினாலும் ஐந்தாவது தடவையும் நீலத்திரைதான் வரும்.

சார்ஜ் போட்டால் "ஈரம் இருக்கிறது" என்று போன் மறுக்கிறது. தண்ணீரில் விழவேயில்லை. (ஏர்வாடி)

விழ வேண்டியதில்லை. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு தங்கிவிடும். வாடைக் காலத்து ஈரக்காற்றை அந்த உப்பு இழுத்துக்கொண்டே இருக்கும். போனை அணைத்து, மென்மையான பிரஷ்ஷில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு தொட்டுச் சார்ஜ் துளையைத் துடையுங்கள். கேபிள் முனையையும் துடைக்க வேண்டும், பல நேரம் உப்பு அதில்தான் இருக்கிறது. துளை கீழே பார்க்க ஃபேன் காற்றில் இரண்டு மணி நேரம் வையுங்கள். குண்டூசி, ஹேர் டிரையர், அரிசி மூன்றும் கூடாது. எச்சரிக்கையை மீறிச் சார்ஜ் ஏற்றினால் மின்சாரமும் உப்பும் சேர்ந்து ஊசிகளை அரித்துவிடும்.

நன்றாகக் காய்ந்தும் அந்த எச்சரிக்கை மறையாவிட்டால்தான் மென்பொருள் கோளாறு. சாம்சங் போனில் ஆப்ஸ் பட்டியலில் சிஸ்டம் ஆப்களைக் காட்டச் சொல்லி, "யுஎஸ்பி செட்டிங்ஸ்" என்பதன் கேஷை அழித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

புது விண்டோஸ் போட்டபின் பழைய தமிழ்க் கோப்புகள் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகின்றன. அழிந்துவிட்டனவா? (தேவிபட்டினம், தட்டச்சு நிலையம்)

ஓர் எழுத்துகூட அழியவில்லை. தயவுசெய்து திறந்த கோப்பைச் சேவ் செய்யாமல் மூடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியவை. பாமினியில் "தமிழ்" என்று அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து குறிகளாகத் தெரியும். எழுத்துருக் கோப்பை மறுபடி நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். பழைய டிஸ்க் இன்னும் கையில் இருந்தால் அதில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரிலேயே இருக்கிறது.

நிரந்தரத் தீர்வு யூனிகோடு. தமிழக அரசே 2010-இல் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியில் மூல எழுத்துருவைச் சரியாகக் குறித்து மாற்றுங்கள். பாமினிக்குப் பதில் வானவில் என்று குறித்தால் வெளியே வருவது வேறு கிறுக்கல். பத்திர நகல், விலாசம், சர்வே எண் இருக்கும் கோப்புகளில் எண்களையும் ஆங்கிலச் சொற்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும், கன்வர்ட்டர் அவற்றையும் தமிழென்று எண்ணி மாற்றிவிடும். இனி அடிப்பதற்கு விண்டோஸ் 11-இலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. டைம் அண்ட் லாங்குவேஜில் தமிழைச் சேர்த்து, அதன் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸில் தேர்ந்தெடுத்தால் போதும்.

இரண்டு வருடப் போன், எதைத் தொட்டாலும் தாமதம். (மண்டபம்)

முதலில் வாட்ஸப்பில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் போய்ப் பெரிய வீடியோக்களை நீக்குங்கள். நினைவகத்தில் பத்தில் ஒரு பங்காவது காலியாக இல்லாவிட்டால் புதிதாக எழுத இடம் ஒதுக்கவே போன் திணறும். பிறகு அபவுட் போனில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் அனிமேஷன் ஸ்கேல் மூன்றையும் 0.5 ஆக்குங்கள். மற்றவற்றைத் தொடாதீர்கள்.