குறியைத் திருப்பிப் போடும் குழந்தைக்கு

47, 39 இரண்டில் 47தான் பெரியது என்று உங்கள் மகள் உடனே சொல்லிவிடுகிறாள், எழுதும்போது மட்டும் 39 > 47 என்று குறியைத் திருப்பிப் போடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். எண்ணறிவு சரியாகவே இருக்கிறது. தடுமாற்றம் குறியில் மட்டும்தான் என்பதால், குறியை முதலை வாயாக எண்ணி, அது பெரிய எண்ணின் பக்கமே திறக்கும் என்று சொல்லித்தரும் முதலை வாய்க் கதையைச் சில நாள் ஒதுக்கி வையுங்கள். பெரிய எண்ணின் பக்கம் மேலும் கீழுமாக இரண்டு புள்ளிகளும், சிறிய எண்ணின் பக்கம் நடுவில் ஒரு புள்ளியும் அவளையே வைக்கச் சொல்லி, அந்த ஒற்றைப் புள்ளியை மற்ற இரண்டோடும் கோடிட்டு இணைக்கச் செய்தால், 39 < 47 என்று குறி சரியாக அமைந்துவிடும். பிறகு இடமிருந்து வலமாக, "முப்பத்தொன்பது நாற்பத்தேழைவிடச் சிறியது" என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். முதலை எந்தப் பக்கம் வாய் திறக்கும் என்று தெரிந்த குழந்தைகள் பலருக்கு, அதே வரியை வாக்கியமாகப் படிக்கத் தெரிவதில்லை. 58, 85 போன்ற இணைகளில் தடுமாறினால், குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, கட்டுகளை முதலில் ஒப்பிடப் பழக்குங்கள்.