மான் வேட்டைக்குத் தொழிற்சாலை ரைபிளா, தனியாகச் செய்வித்த ரைபிளா?

அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டைக்குத் தொழிற்சாலை ரைபிளே தாராளமாகப் போதும். மானின் நெஞ்சில் குறிவைக்கும் பரப்பு சுமார் 8 அங்குலம். டிக்கா டி3எக்ஸ் என்ற தொழிற்சாலை ரைபிள் 100 கெஜத்தில் மூன்று குண்டுகளை ஏறத்தாழ ஓர் அங்குலத்துக்குள் போடும் என்று நிறுவனமே உறுதி தருகிறது. 300 கெஜத்தில் அது 3 அங்குலம். செய்வித்த ரைபிள் அதைப் பாதியாக்கலாம், ஆனால் விலை பல மடங்கு. அந்தப் பணத்தை நல்ல ஸ்கோப்பிலும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பயிற்சித் தோட்டாவிலும் போடுங்கள்.

குண்டுகள் ஓரிடத்தில் விழாமல் பரவி விழுந்தால் உடனே குழலைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் ரைபிளில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்துவிட்டு, ஸ்கோப் மவுன்ட் திருகுகளையும் ஆக்‌ஷன் திருகுகளையும் (ரைபிளின் இயங்குபகுதியைக் கட்டையோடு பிணைப்பவை) கையேடு சொல்லும் டார்க் (முறுக்குவிசை) அளவுக்கு முறுக்குங்கள். பெரும்பாலும் கோளாறு இங்கேதான். குழல் ஸ்டாக்கை (ரைபிளின் கட்டை) தொடாத வடிவமைப்பு என்றால், இடையில் ஒரு தாளை விட்டு இழுத்துப் பாருங்கள். சிக்கும் இடத்தில் உரசுகிறது, குழல் சூடேறும்போது குண்டு விலகும். பிறகு வெவ்வேறு எடையில் மூன்று வகைத் தோட்டாவைச் சுட்டுப் பாருங்கள். மூன்று குண்டை வைத்து முடிவு கட்டாதீர்கள், குறைந்தது பத்து குண்டு வேண்டும்.

அரிதான கேலிபரோ (குண்டின் விட்ட அளவு), உடல்வாகுக்கேற்ற ஸ்டாக்கோ தேவையென்றால் செய்வியுங்கள். விற்கும்போது போட்ட பணம் பெரும்பாலும் திரும்பாது.