மூன்று நாள் விதி: கடல் நீச்சல் கேள்வி பதில்

பல வருடம் தண்ணீர் சோதிக்கும் லேபில் வேலை பார்த்தவன் நான். கடலில் நீந்துகிறவனும்கூட. வடசென்னையில் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) பழகுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில்.

திருவொற்றியூர்: நண்பர்கள் சேர்ந்து ஜனவரியில் சின்னதாக ஒரு டிரையத்லான் நடத்த இருக்கிறோம். 750 மீட்டர் நீச்சல். கடல் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கேயே வைத்துக்கொள்ளலாமா?

தண்ணீரை விடுங்கள், முதலில் கரையைப் பாருங்கள். 1875-இல் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வந்த மணல் அங்கேயே தடுபட்டு நின்றுவிட்டது. மெரினா அகலமானது, ராயபுரத்துக்கு வடக்கே கரை அரித்துப் போனது. அதனால்தான் உங்கள் பக்கம் முழுக்கக் கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். தனி ஆளாக நிதானமாக இறங்கி ஏறிவிடலாம். முப்பது பேர் மூச்சு வாங்கிக்கொண்டு அலையோடு வந்து அந்தக் கல்லில் மோதினால்? கல்லில் ஒட்டிய சிப்பி பிளேடு மாதிரி. என் இடது முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

அப்புறம் தண்ணீர். உலக டிரையத்லான் விதிகளில் கடலுக்கான அடிப்படை அளவு, 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை 250, என்டரோகாக்கை 100. இதற்குள் இருந்தால் நல்ல தண்ணீர். ஏரி, ஆறு என்றால் 500, 200. இரண்டுமே மனித, விலங்குக் கழிவு கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கிற கிருமிகள். போட்டி நடக்கப்போகும் அதே விடிகாலை நேரத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்று, கிருமி நீக்கிய பாட்டிலை ஒரு முழம் ஆழத்தில் அமிழ்த்தி அங்கேயே மூடியைத் திறக்க வேண்டும். மூடியின் உட்புறத்தில் விரல் பட்டால் அந்த பாட்டில் வீண். ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் லேபில் கொடுத்துவிட வேண்டும். கிருமி வளர்ந்து எண்ணிக்கை தெரிய ஒரு நாள் ஆகும். ஆக, உங்கள் கைக்கு வரும் ரிப்போர்ட் நேற்றைய தண்ணீருக்கானது. நடுவில் ஒரு மழை பெய்துவிட்டால் அந்தத் தாளில் வடை மடித்துச் சாப்பிடலாம்.

ஜனவரியும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே வரும். எண்ணூர் முகத்துவாரத்தில் வெளியே வருவதெல்லாம் நேராக உங்கள் பக்கம்தான். பிப்ரவரி கடைசி, மார்ச் பாருங்கள்.

பெரம்பூர்: தண்ணீர் தெளிவாக இருந்தால் போதும்தானே?

கிருமி கண்ணுக்குத் தெரிந்திருந்தால் எனக்கு வேலையே இருந்திருக்காது.

கொளத்தூர்: புழல் ஏரி அல்லது ரெட்டேரியில் பழகலாமா?

புழல் ஊருக்கே குடிதண்ணீர். அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். ரெட்டேரியில் சாக்கடை கலக்கிறது. ஏரியில் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. 1998-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஏரியில் நடந்த டிரையத்லானுக்குப் பிறகு வீரர்கள் பலர் இதே காய்ச்சலில் படுத்தார்கள். நீந்திய ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், ஏரியில் இறங்கியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நீங்களாகச் சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாது.

வியாசர்பாடி: மழை விட்டு மறுநாள் நல்ல வெயில். இறங்கலாமா?

கூடாது. மூன்று நாள் போகட்டும். தெருவிலும் கால்வாயிலும் கிடந்ததை எல்லாம் மழை கடலுக்குத் தள்ளியிருக்கும்.

காசிமேடு: சார், பிறந்ததிலிருந்து இந்தக் கடலில்தான் குளிக்கிறோம், முங்குகிறோம். எங்களுக்கு ஒன்றும் ஆனதில்லை. ரெண்டு பாட்டில் தண்ணியை வைத்துக்கொண்டு எங்கள் கடலை நாறடிக்கிறீர்களே?

நியாயமான கோபம்தான், தம்பி. உங்கள் கடலை நாறடித்தது நீங்கள் இல்லை. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது, வாளியில் அள்ளியவர்களில் உங்கள் ஆட்களும் இருந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் முகத்துவாரம் வரை வந்தபோது, வலையும் படகும் கறுத்துப்போனது உங்களுக்குத்தான்.

ஆனால் "ஒன்றும் ஆனதில்லை" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் முங்கி எழுவது ஒரு நிமிடம். போட்டியில் நீந்துகிறவன் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து இருபது நிமிடம், கூட்டத்தில் இடிபட்டு, வாய் வழியாக நாலு மடக்காவது உள்ளே தள்ளுவான். அதோடு, வயிற்றுப்போக்கு வந்தால் கடலையா சந்தேகப்படுகிறோம்? நேற்றுச் சாப்பிட்ட பிரியாணியைத்தானே?

தண்டையார்பேட்டை: காசிமேட்டு அண்ணன் சொல்வதுதான் சரி. பாரிஸில் சாக்கடை ஆற்றிலேயே ஒலிம்பிக் நீச்சல் நடத்தவில்லையா?

நடத்தினார்கள். எப்படி நடத்தினார்கள் என்பதையும் சொல்லுங்கள். 2024 ஜூலை 30-இல் நடக்க வேண்டிய ஆண்கள் டிரையத்லான் போட்டியைத் தண்ணீர் சரியில்லை என்று 31-க்குத் தள்ளினார்கள். காரணம், அதற்கு முன் பெய்த மழை. ஒலிம்பிக்கே ஒரு நாள் காத்திருக்கும்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமை போட்டி காத்திருக்கக் கூடாதா? 2023-இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் டிரையத்லான் உலகத் தொடர் போட்டி முடிந்து 57 பேர் வாந்தி, வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். அதுவும் கடல்தான்.

காசிமேடு (மறுபடியும்): கரையோரத் தண்ணியை வைத்துப் பேசுகிறீர்கள். ஒரு கிலோமீட்டர் வெளியே வந்து பாருங்கள், தண்ணி வேற மாதிரி இருக்கும்.

இது நல்ல பாயிண்ட். கரை நீரும் வெளி நீரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. கால்வாய்த் தண்ணீர் பெரும்பாலும் கரையை ஒட்டியேதான் போகும். ஆனால் போட்டிக்கு வருகிறவன் போட்டில் ஏறி வெளியே போய்க் குதிக்கப்போவதில்லை, கரையிலிருந்துதான் ஓடி இறங்குவான்.

மாதவரம்: லேசான தூறல்தான். அடுத்த நாள் நீந்தலாமா?

வியாசர்பாடிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

எர்ணாவூர்: சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் மண்ணைத் தேய்க்கலாமா?

கூடாது, தேய்த்தால் விஷம் இன்னும் இறங்கும். கடல் தண்ணீரிலேயே கழுவுங்கள். மூச்சு திணறினால் நேராக ஆஸ்பத்திரி.

மணலி: எல்லாம் வேண்டாம் என்றால் எங்கேதான் போவது?

வாரநாள் பயிற்சிக்கு பெரியமேடு மாநகராட்சி நீச்சல் குளம். கடல் பழக, மாதம் ஒரு முறை சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம். 2021-இல் அங்கே சுத்தமான கடற்கரைக்குத் தரும் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. அதற்கும் ஈ.கோலை அளவு 250-தான். தூரம், விடிகாலை மூன்றரைக்கே கிளம்ப வேண்டும், தெரியும். அங்கேயும் மழை பெய்தால்...

புதுவண்ணாரப்பேட்டை: மழை நின்று ரெண்டு நாள் ஆகிவிட்டது, போகலாமா?

ரெண்டும் மூன்றும் ஒன்றா?

காசிமேடு (கடைசியாக): பேசிக்கொண்டே இருந்தால் எப்படி சார்? எங்கள் ஃபைபர் போட் இருக்கிறது. நீங்களே வந்து வெளியே தண்ணி எடுத்துப் பாருங்கள்.

வருகிறேன். டீசல் என் செலவு. ஆறு பாட்டில், மூன்று கரையோரம், மூன்று வெளியே. கல் தாண்டி ஏற எனக்கு ஒரு கை கொடுங்கள், முழங்கால் முன்பு மாதிரி இல்லை. வியாழக்கிழமை விடிகாலை ஐந்து மணி. அதற்குள் மழை வந்தால் ஞாயிறு.