காற்று கூரையைத் தூக்கியது, நிறுவனம் கறையானைக் காட்டுகிறது

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் இருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். வங்கிக் கடனில் கட்டிய வீடு. கடன் தந்த வங்கியே வீட்டுக்குக் காப்புறுதியும் எடுக்கச் செய்தது, கட்டுப்பணம் ஆண்டுதோறும் கணக்கில் கழிகிறது. ஐப்பசி மாதத்துப் பின்னேரம் ஒன்றில் இடிமழையோடு வந்த காற்று, தெற்குப் பக்கத்துச் சீற்றுகளைக் கைமரங்களோடு பிடுங்கிப் பக்கத்து வளவுக்குள் போட்டது. உள்ளே தொலைக்காட்சி, அலுமாரி, அறைக்குள் அடுக்கியிருந்த நெல் மூட்டைகள் எல்லாம் நனைந்தன. நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்து படம் எடுத்துப் போனார். பிறகு வந்த கடிதம்: "மரங்கள் கறையான் அரித்துப் பலவீனமாக இருந்தன. இது புயல் சேதமல்ல, தேய்மானம். கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது." திருத்த நாலரை இலட்சம் ஆகுமாம். தொலைபேசியில் மட்டும், ஒரு பற்றுச்சீட்டில் கையெழுத்து வைத்தால் "கருணை அடிப்படையில்" எண்பதாயிரம் தரலாம் என்கிறார்களாம். "கறையான் கொஞ்சம் இருந்தது உண்மைதான் ஐயா. அதை மறைத்தால்தான் வெல்லலாமோ?" என்று கேட்கிறார்.

பதில்: மறைக்க வேண்டாம். மறைத்தால்தான் தோற்பீர்கள். கறையான் இருந்ததை ஒத்துக்கொண்டே இந்தக் கோரிக்கையை நடத்தலாம்.

முதலில் காப்புறுதிப் பத்திரத்தை முழுவதுமாகக் கையில் எடுங்கள். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் ஒரு பக்க அட்டவணையாக இருக்கும். நிபந்தனைகள் அடங்கிய நீண்ட பத்திரம் வங்கியின் கோப்பில் தூங்கும். வங்கி முகாமையாளருக்கு எழுதி முழுப் பிரதியைக் கேளுங்கள். ஈடு வைத்த வீடு என்பதால் இந்தப் பணத்தில் வங்கிக்கும் அக்கறை உண்டு, அவர்களையும் உங்கள் பக்கம் இழுத்து வையுங்கள். பத்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியது: அடிப்படைத் தீக் காப்புறுதியோடு புயல், சூறாவளி, வெள்ளம் ஆகியவை சேர்க்கப்பட்டிருக்கின்றனவா? சேர்க்கப்படவில்லை என்றால் கீழே நான் எழுதுவது எதுவும் பயன்படாது. உங்களுக்கு வந்த கடிதத்தில் நிறுவனம் அப்படிச் சொல்லவில்லை, தேய்மானம் என்றுதான் சொல்கிறது. ஆகவே புயல் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு பேசுவோம்.

இலங்கையில் காப்புறுதி ஒப்பந்தத்துக்குத் தனியாக ஒரு முழுச் சட்டம் கிடையாது. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டம் காப்புறுதித் தொழிலை ஒழுங்குபடுத்துகிறது. ஒப்பந்தத்தை எப்படி வாசிப்பது என்பதற்கு 1852 ஆம் ஆண்டுக் குடியியல் சட்டக் கட்டளைச்சட்டம் ஆங்கிலச் சட்டத்தைப் பார்க்கச் சொல்கிறது. வன்னியில் பறந்த சீற்றுக்கு இலண்டன் தீர்ப்பைத் தேடுவது வேடிக்கைதான், ஆனால் இந்த விடயத்தில் அது உங்களுக்கு உதவுகிறது.

ஆங்கிலச் சட்டத்தில் கேட்கப்படும் கேள்வி, இழப்பின் வலுவான காரணம் எது என்பது. இரண்டு காரணங்கள் சமவலுவோடு சேர்ந்து வேலை செய்திருந்தால் என்ன செய்வது? 1987 இல் வெளியான 'மிஸ் ஜே ஜே' என்ற படகு வழக்கில் இது வந்தது. படகின் வடிவமைப்பு மோசம், கடலும் கொந்தளித்தது, இரண்டும் சேர்ந்து அடிப்பாகத்தைச் சிதைத்தன. கடல் காப்புறுதிக்குள் அடங்கும், வடிவமைப்புக் குறை விலக்கப்படவில்லை, அதாவது அதனால் வரும் இழப்புக்குப் பணம் தரமாட்டோம் என்று பத்திரம் சொல்லவில்லை. ஆகவே நிறுவனம் செலுத்த வேண்டும் என்று தீர்ந்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 1973 இல் தீர்ந்த 'வெய்ன் டாங்க்' வழக்கில், இரண்டு காரணங்களில் ஒன்று பத்திரத்தில் வெளிப்படையாக விலக்கப்பட்டிருந்தது. அங்கே விலக்குத்தான் வென்றது, நிறுவனம் தப்பியது.

ஆகவே உங்கள் விவகாரம் முழுவதும் ஒரு வரியில் தங்கியிருக்கிறது. "தேய்மானம்", "படிப்படியான சிதைவு", "பூச்சிகளால் ஏற்படும் சேதம்" போன்ற சொற்கள் விலக்குப் பகுதியில் இருக்கின்றனவா? இல்லையென்றால் மரம் பலவீனம் என்பது ஒரு பதிலே அல்ல. பழைய வீட்டையும் பார்த்துத்தான் கட்டுப்பணம் வாங்கினார்கள். அப்படி ஒரு வரி இருந்தாலும் கதை முடியவில்லை. காற்றுத்தான் கூரையைத் தூக்கியது என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிப்பது நிறுவனத்தின் பொறுப்பு. ஒரு சிலாகையில் கறையான் தடம் இருந்தது என்பது மட்டும் அதற்குப் போதாது. அந்த அரிப்பு இல்லாவிட்டால் கூரை நின்றிருக்குமா என்பதற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும். அன்றைய காற்று நல்ல மரத்தையும் பிடுங்கியிருந்தால், கறையான் காரணமல்ல, வெறும் சாட்சி.

இதனால்தான் சான்று முக்கியம். உடைந்த கைமரங்களை அடுப்புக்கு அனுப்பிவிடாதீர்கள். அரித்த துண்டையும் அரிக்காத துண்டையும், முறிந்த இடம் தெரியும்படி வைத்திருங்கள். வயிரமான மரம் பச்சையாக முறிந்திருந்தால் அந்தத் துண்டைவிடப் பெரிய சாட்சி இல்லை. ஆணி பிடுங்கிய சீற்றுகளையும் படம் எடுங்கள். அனுபவமுள்ள தச்சர் ஒருவரிடம், முடிந்தால் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமும், எழுத்தில் கருத்து வாங்குங்கள்.

காற்றைப் பற்றி ஒரு சொல். "அன்று சூறாவளி எதுவும் அறிவிக்கப்படவில்லையே" என்று அடுத்த கடிதத்தில் சொல்லக்கூடும். 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறிய புரேவி போலப் பெயர் வைத்த சூறாவளிதான் புயல் என்று சட்டம் சொல்லவில்லை. மழையோடு வரும் கடுங்காற்று போதும், பத்திரத்தில் காற்றின் வேகம் குறிப்பிட்டிருந்தால் ஒழிய. ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பருவ இடைக்கால இடிமழைக் காற்று ஒரு ஊரை அடித்து அடுத்த ஊரை விட்டுவிடும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் பதிவைக் கேட்டு வாங்குங்கள். அதில் பெரிதாக எதுவும் இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம், காற்று மானி உங்கள் வளவில் இருக்கவில்லை. அன்று அயலில் சரிந்த மரங்கள், பறந்த தகரங்கள், கிராம அலுவலர் பிரதேச செயலகத்துக்கு அனுப்பிய சேத அறிக்கை எல்லாம் சேர்ந்து பேசும். அறிக்கையைத் தர இழுத்தடித்தால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் எழுதிய அறிக்கையின் பிரதியையும் நிறுவனத்திடம் கேளுங்கள். கேட்டதும் தராவிட்டாலும், கேட்ட கடிதம் பின்னால் உதவும்.

தொகையைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாலரை இலட்சமும் கைக்கு வரும் என்று எண்ணியிருப்பீர்கள். கடன் தொகைக்கு மட்டும் வீடு காப்புறுதி செய்யப்பட்டிருக்கலாம். வீட்டைத் திரும்பக் கட்ட 60 இலட்சம் ஆகும் என்றும், பத்திரத்தில் 30 இலட்சம்தான் என்றும் வைப்போம். விகிதாசார நிபந்தனை, அதாவது பெறுமதியில் எத்தனை பங்குக்குக் காப்புறுதியோ சேதத்திலும் அத்தனை பங்குதான் தருவோம் என்ற வரி, இருந்தால் நாலரை இலட்சச் சேதத்துக்குக் கிடைப்பது இரண்டேகால் இலட்சம். அதிலும் நீங்கள் தாங்க வேண்டிய முதல் தொகையைக் கழிப்பார்கள். தொலைக்காட்சியும் அலுமாரியும் 'உடைமைகள்' பகுதி இருந்தால் மட்டுமே வரும். நெல் மூட்டை வருவது கடினம். காற்று திறந்த கூரை வழியாக வந்த மழைச் சேதம் புயலின் தொடர்ச்சி, அதைச் சேர்த்தே கேளுங்கள். ஆனால் கூரையைத் திறந்தபடியே விட்டு மேலும் நனைந்ததைக் கேட்க முடியாது. தறப்பாள் போட்டு மூடிவிட்டு, அதற்கான பற்றுச்சீட்டையும் கோரிக்கையில் சேருங்கள்.

இனி எழுத வேண்டிய கடிதம். தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில், பிரதி வங்கிக்கு. நீளம் வேண்டாம். எந்த நிபந்தனை இலக்கத்தின் கீழ் நிராகரித்தீர்கள், எந்தச் சான்றின்படி, மீளப் பரிசீலியுங்கள் என்று கேட்டு, படங்களையும் தச்சரின் கருத்தையும் இணையுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் கொழும்பில் உள்ள காப்புறுதி குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம். கட்டணமும் சட்டத்தரணியும் தேவையில்லை. முதலில் நிறுவனத்திடம் முறையிட்டிருக்க வேண்டும், வழக்கு நடக்கும் விடயமாக இருக்கக்கூடாது. அதனால் வரிசை முக்கியம், வழக்கைப் போட்டுவிட்டு அங்கே போகாதீர்கள். நிறுவனம் பதிலே தராமல் இழுத்தால் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். அது அரச நிறுவனம், தமிழிலேயே எழுதலாம்.

வழக்கு கடைசி வழி. எழுத்து ஒப்பந்தத்துக்குக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டம் ஆறு ஆண்டு தருகிறது. அதை நம்பி இருந்துவிடாதீர்கள், பத்திரத்திலேயே நிராகரித்ததில் இருந்து ஓர் ஆண்டு என்றோ, தொகைத் தகராறு நீதிமன்றத்துக்கு வெளியே நடுவரின் தீர்ப்புக்குப் போக வேண்டும் என்றோ எழுதியிருக்கலாம். வழக்குக்காகக் கொழும்புக்கு அலைய வேண்டும் என்றும் இல்லை. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 9 ஆம் பிரிவின்படி, வழக்குக் காரணம் எழுந்த இடத்திலும் ஒப்பந்தம் செய்த இடத்திலும் வழக்குத் தொடுக்கலாம். வங்கிக் கிளை எங்கே, பத்திரம் எங்கே கைச்சாத்தானது என்று பார்த்தால் முல்லைத்தீவு மாவட்ட நீதிமன்றத்துக்கு இதை விசாரிக்கும் அதிகாரம் உண்டா என்று சொல்லலாம். செலவு தாங்காவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகுங்கள்.

அந்த எண்பதாயிரம்: பற்றுச்சீட்டில் "முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு" என்று இருக்கும். கையெழுத்து வைத்தால் மேலே சொன்ன எதற்கும் வழி இருக்காது. எதுவும் தரவேண்டியதில்லை என்றவர்கள் ஏன் எண்பதாயிரம் தர வருகிறார்கள் என்று நீங்களே கேட்டுப்பாருங்கள். "மிகுதியைக் கோரும் உரிமைக்குப் பாதிப்பின்றி இடைக்காலத் தொகையாகத் தந்தால் ஏற்கிறேன்" என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள். தொலைபேசியில் வேண்டாம்.