கணவருக்கு ஹெபடைடிஸ் பி: வீட்டில் யார் யார் என்ன செய்ய வேண்டும்?

குடியாத்தத்திலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "என் கணவர் முகாமில் ரத்ததானம் செய்தார். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டு, ஹெபடைடிஸ் பி இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் அவர் நன்றாகத்தான் இருக்கிறார். எனக்கு ஐந்தாம் மாதம். நானும் அத்தையும் வீட்டில் பீடி சுற்றுகிறோம். அவருடைய தட்டிலும் டம்ளரிலும் அத்தை சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்துத் தனியாக ஒதுக்கிவிட்டார். ஆந்திரா பக்கம் போய்ப் பச்சிலை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். குழந்தைக்கு வந்துவிடுமா?"

சகோதரி, முதலில் அந்தத் தட்டையும் டம்ளரையும் மற்றப் பாத்திரங்களோடு சேர்த்துவிடுங்கள். சாப்பாடு, தண்ணீர், ஒரே டம்ளரில் குடிப்பது, பக்கத்தில் படுப்பது எதிலும், ஈரலைத் தாக்கும் இந்த ஹெபடைடிஸ் பி வைரஸ் பரவாது. அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். காமாலை என்றாலே கெட்ட தண்ணீரால் வருவது என்றுதான் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். தண்ணீரால் வருவது ஏ, ஈ வகைகள். பி வகை ரத்தத்தாலும் உடலுறவாலும் பரவுவது, தாயிடமிருந்து பிரசவத்தின்போது குழந்தைக்குப் போவது.

புள்ளி வைக்க வேண்டியது அவருடைய சவர பிளேடு, பல் பிரஷ், நகவெட்டி இவற்றுக்குத்தான். காய்ந்த ரத்தத்தில்கூட இந்த வைரஸ் ஏழு நாளாவது தாக்குப்பிடிக்கும். அப்புறம், பீடி இலை வெட்டும் கத்தரி. விரலில் கீறிக்கொள்வது அந்த வேலையில் சகஜம். கணவரும் உட்கார்ந்து இலை வெட்டிக் கொடுப்பவர் என்றால் அவருக்குத் தனிக் கத்தரி வாங்கிவிடுங்கள். இலையாலோ தூளாலோ பரவாது.

இனி உங்கள் விஷயம், இதுதான் அவசரம். தாய் சேய் நல அட்டையை எடுத்துப் பாருங்கள். கர்ப்பம் பதிந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனைகளில், இந்த வைரஸ் உடம்பில் இருக்கிறதா என்று காட்டும் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று ஒன்று இருக்கும். சில லேப்களில் ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று அச்சிட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். அதில் நெகட்டிவ் என்று இருந்தாலும் இப்போது மறுபடி எடுங்கள். வைரஸ் உடம்புக்குள் நுழைந்து ரத்தத்தில் தெரியச் சில வாரங்களாவது ஆகும். கூடவே ஆன்டி-ஹெச்.பி.எஸ். பரிசோதனையும் கேளுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்பதை அது சொல்லும்.

இரண்டும் நெகட்டிவ் என்றால் அன்றைக்கே ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் இந்தத் தடுப்பூசி போடலாம், பயம் வேண்டாம். அடுத்தது ஒரு மாதத்தில், மூன்றாவது முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதத்தில். மூன்றும் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தியை அளந்து, 10 அல்லது அதற்கு மேல் என்று வரும்வரை ஆணுறை அவசியம்.

ஒருவேளை உங்களுக்கும் பாசிட்டிவ் என்றால்? அப்போதும் குழந்தையைக் காப்பாற்ற வழி இருக்கிறது. வைரஸின் அளவைப் பார்த்து, அது அதிகமாக இருந்தால் கடைசி மூன்று மாதம் டெனோஃபோவிர் மாத்திரை கொடுப்பார்கள். பிறந்த உடனே குழந்தைக்கு ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் உடனடிப் பாதுகாப்புத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசி. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

உங்களுக்கு நெகட்டிவ் என்றாலும், பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாக வேண்டும். செவிலியர்கள் இதை ஜீரோ டோஸ் என்பார்கள். ஆறாவது வாரம் ஹெபடைடிஸ் பி தடுப்பும் அடங்கிய பென்டாவேலன்ட் ஊசி போடுவார்களே என்று இதை விட்டுவிடாதீர்கள். பெரியவர்களுக்கு இந்த வைரஸ் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் நிலைத்துவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினாலோ நூற்றில் தொண்ணூறு பேருக்கு நிலைத்து, பின்னாளில் ஈரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடக்கூடும். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். உங்கள் கணவருக்கே கூட இது பிறந்தபோது தாயிடமிருந்து வந்திருக்கலாம். ஆகவே அவர் நடத்தையைச் சந்தேகிக்க வேண்டாம். அத்தைக்கும் கணவரின் கூடப்பிறந்தவர்களுக்கும் பரிசோதனை தேவைப்படுவது இதனால்தான்.

பச்சிலை பற்றி. ஏ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். பெயர் பச்சிலைக்குப் போய்விடும். கீழாநெல்லியை யாரும் ஆராயாமல் ஒதுக்கவில்லை. 1988-ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள், இந்த வைரஸைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்குடன் சேர்ந்து, அது பலன் தருவதாக லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. என்ன சேர்மானம் என்று தெரியாத மருந்து ஈரலையே கெடுத்துவிடலாம்.

கணவருக்கு இனித் தடுப்பூசி பயன்படாது. ஈரல் பரிசோதனை, வைரஸ் அளவு, ஸ்கேன் மூன்றும் பார்த்துத்தான் மாத்திரை தேவையா என்று முடிவு செய்வார்கள், எல்லோருக்கும் தேவைப்படாது. மாத்திரை ஆரம்பித்தால் தானாக நிறுத்தக் கூடாது. மதுவை அடியோடு விட வேண்டும். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் கேளுங்கள். அலையாமல் போக, முன்னாடியே 104-க்குப் போன் செய்து விசாரித்துக்கொள்ளலாம்.

போகும்போது ரத்த வங்கி கொடுத்த தாளை எடுத்துப் போங்கள், தொலைத்துவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்கும்போது, இது நிலைத்துவிட்டதா, போய்விட்டதா என்று அந்தத் தாளில் உள்ள தேதியிலிருந்துதான் கணக்குப் பார்ப்பார்கள்.