என் உடம்பில் கிடக்கும் செல் துண்டு யுரேனியமா?

கேள்வி: நான் முன்னாள் போராளி, விசுவமடு. 2009 இல் காயப்பட்டனான். தொடையில் செல் துண்டுகளும் முழங்கால் மூட்டுக்குள் ஒரு சன்னத் துண்டும் இன்னும் கிடக்கு. வளைகுடாப் போரில் காயப்பட்ட அமெரிக்க ஆமிக்காரரின் உடம்பில் யுரேனியம் இருந்ததாம் என்று வெளிநாட்டில் இருக்கிற அண்ணா சொன்னார். எனக்கும் அப்படி இருக்குமோ? கிட்னி பழுதாகுமோ?

பதில்: அண்ணா சொன்னது உண்மை. ஆனால் அது வேறு ஆயுதம். அணு எரிபொருள் தயாரிப்பில் கழிவாக மிஞ்சும் யுரேனியம் ஈயத்தைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு அடர்த்தியானது. தாங்கிக் கவசத்தைத் துளைக்கும் குண்டுகளில் அதை வைப்பார்கள். 1991 இல் சொந்தப் பக்கத்துக் குண்டே தவறிப் பட்டு, அந்தத் துண்டுகளோடு வாழும் அமெரிக்கப் படையினரை பால்டிமோர் மருத்துவர்கள் 1990களிலிருந்து பரிசோதித்து வருகிறார்கள். துண்டு மெல்லக் கரைவதால் அவர்களின் சிறுநீரில் யுரேனியம் கூடுதலாகவே வருகிறது. கதிர்வீச்சைவிட, கன உலோக நஞ்சாக அது சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதே பெரிய பயமாக இருந்தது. அப்படியிருந்தும் பாரதூரமான சிறுநீரகப் பாதிப்பு அவர்களிடம் தென்படவில்லை.

உங்கள் தொடையில் கிடப்பது பெரும்பாலும் எறிகணைக் கோதின் உருக்கு. நோகாமல், சீழ் கட்டாமல் இருந்தால் அதை வெட்டி எடுக்க அவசரப்பட வேண்டாம். தேடித் தேடி வெட்டுவதால் நரம்பும் இரத்தக் குழாயும் காயப்படலாம்.

எனக்குக் கவலை முழங்கால்தான். சன்னத்தின் உள்ளே பெரும்பாலும் ஈயம் இருக்கும். தசைக்குள் பேசாமல் கிடக்கும் ஈயத்தை மூட்டு நீர் கரைத்து இரத்தத்தில் சேர்க்கும். பல வருடம் கழித்தும் வயிற்று வலி, இரத்தச்சோகை, பிரஷர், மறதி என்று வரலாம், சிறுநீரகமும் கெடலாம். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் எலும்பு வைத்தியரிடம் எக்ஸ்ரே எடுத்துக் காட்டி, இரத்தத்தில் ஈய அளவு பார்க்கக் கேளுங்கள். மூட்டுக்குள் இருக்கும் ஈயத்தை எடுத்துவிடுவதே நல்லது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாற்றினின் இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் சேர்த்துச் செய்யுங்கள். வவுனியாப் பக்கம் செல்லே படாத விவசாயிகளுக்கும் சிறுநீரக நோய் வருகிறதே.

எம்.ஆர்.ஐ ஸ்கான் எடுக்கச் சொன்னால், உடம்பில் உலோகம் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த இயந்திரத்தின் வலுவான காந்தம் உருக்கை அசைக்கவும் சூடாக்கவும் கூடும். கண்ணிலோ முள்ளந்தண்டிலோ துண்டு உள்ளவர்களுக்கு மிக ஆபத்து. காயம் எப்படிப் பட்டது என்று சொல்லத் தயக்கமென்றால் அதை விடுங்கள், துண்டு இருப்பதை மட்டும் மறைக்காதீர்கள். சி.ரி. ஸ்கானுக்கு இந்தப் பயம் இல்லை.